துருத்தியும் நிழற்படமும்: ஒரு வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு மும்பை மாநகருக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், முதல் தலைமுறை விட்டுச் சென்ற செல்வம் மிகச் சிறிது. ஒரு தகரப் பெட்டி இருக்கும். ஒரு பித்தளைக் குடம் இருக்கும். சுவரில் கண்ணாடிச் சட்டமிட்ட குடும்பப் படம் ஒன்று இருக்கும். வாடகை வீடு மாறும்தோறும் முதலில் இறக்கப்படுவதும் முதலில் மாட்டப்படுவதும் அப்படமே.

எங்கள் வீட்டிலும் அத்தகைய படம் ஒன்று உண்டு. 1966 ஆம் ஆண்டு, மாட்டுங்காவில் இருந்த ஒரு நிழற்பட நிலையத்தில் எடுக்கப்பட்டது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து குடியேறிய என் தாத்தா, ஊரில் இருந்த தம் தாயாருக்கு அனுப்புவதற்காக அதனை எடுப்பித்தார். பின்வரிசையில் ஆடவர் நிற்கின்றனர். நடுவரிசையில் பெண்டிர் நாற்காலிகளில் அமர்ந்துள்ளனர். முன்னே, தரையில் விரித்த சமுக்காளத்தில் குழந்தைகள் அமர்ந்திருந்தனராம். 'இருந்தனராம்' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. படத்தின் அடிப்பகுதி இருண்டு கிடக்கிறது. கோடிட்டாற் போன்ற இருளன்று. அந்தி மயங்குவது போல மெல்ல மெல்லக் கனத்து, அடியில் முழுக் கறுப்பாகிவிடும் இருள். நாற்காலிகளின் கால்களும் பெண்டிரின் பாதங்களும் அதில் மறைந்தன. குழந்தைகளும் மறைந்தனர். நான்கு வயதுச் சின்ன அத்தையின் தலையில் கட்டிய ரிப்பனின் நுனி மட்டும் தெரிகிறது. அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு அவள் இறந்தாள். அவளுக்கு வேறு படம் இல்லை.

"பிள்ளைகள் அசைந்துவிட்டன" என்று நிலையத்தார் அன்று காரணம் கூறினாராம். காசும் போயிற்று, படமும் கெட்டது என்ற கோபத்தில், வீடு திரும்பும் வழியில் ஆச்சி சின்ன அத்தையை முதுகில் அறைந்தாளாம். நான் சிறுவனாக இருந்தபோது ஆச்சி அப்படத்தின் கறுப்பில் விரலை வைத்து, "இங்கனதாம்ல அவ உக்காந்திருந்தா. ஒரு நிமிசம் ஆடாம இருந்தாளா!" என்று பலமுறை கூறக் கேட்டிருக்கிறேன்.

குழந்தை அசைந்தால் உருவம் கலங்கும், கறுக்காது. இவ்வெளிய உண்மை நெடுநாள் எனக்குத் தோன்றவில்லை. அக்கறுப்பின் காரணத்தைத் தேடிச் சென்றபோது கிடைத்த செய்திகளே இக்கட்டுரை.

துருத்தி என்னும் பழஞ்சொல்

பெரிய நிழற்படக் காமிராவின் முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக நீளும் உறுப்பினை நிலையத்தார் 'பெல்லோஸ்' என்பர். ஆங்கிலேயர் அப்பெயரைக் கொல்லன் பட்டறையிலிருந்து எடுத்தனர். நமக்கோ அதற்கு நேரான சொல் ஈராயிரம் ஆண்டுகளாக உள்ளது. அதுவே துருத்தி.

கொல்லனின் உலைத்துருத்தியைச் சங்கப் புலவர் நன்கு அறிவர். 'குருகு' என்றும் அதற்கு ஒரு பெயர் வழங்கியது. துயருற்றோர் விடும் நெட்டுயிர்ப்புக்கு உலைத்துருத்தியை உவமையாக்குதல் அக்காலத்து மரபு. சிலப்பதிகாரத்திலும் அவ்வுவமை வருகிறது. காலம் மாற, துருத்தி இசைக்கும் வந்தது. மேலைநாட்டிலிருந்து வந்த ஆர்மோனியம் இந்தியக் கைவினைஞரிடம் கைத்துருத்திப் பெட்டியாக உருமாறித் தமிழ் நாடக மேடையில் ஆட்சி செலுத்தியது.

உலையிலும் ஆர்மோனியத்திலும் துருத்தி காற்றை அடைத்து வைக்கிறது. காமிராவில் அது இருளை அடைத்து வைக்கிறது. தொழில் வேறாயினும் பிணி ஒன்றே: தோல் தளரும், மடிப்பு உடையும், மூலையில் துளை விழும். ஆதலின் மருத்துவனும் ஒருவனே ஆகலாம். இதற்குச் சான்றைப் பின்னர்க் காண்போம்.

பெட்டியிலிருந்து துருத்திக்கு

1839 ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் டாகேர் கண்ட நிழற்பட முறை உலகறிய வெளியிடப்பட்டது. அக்காலத்துக் காமிரா மரப்பெட்டியே. ஒரு பெட்டியினுள் மற்றொரு பெட்டி நுழைந்து முன்னும் பின்னும் நகரும். அவ்வாறு நகர்த்தியே உருவத்தைத் தெளிவாக்குவர். படத்தைப் பின்னர்ப் பெரிதாக்கும் வசதி அன்று இல்லை எனலாம். பெரிய படம் வேண்டுமெனில் அதே அளவுள்ள கண்ணாடித் தகடோ தாளோ வேண்டும். அதற்கேற்ற பெரிய காமிராவும் வேண்டும்.

இக்கலை நம் மாநகருக்கு விரைவிலேயே வந்தது. 1854 ஆம் ஆண்டு பம்பாயில் நிழற்படச் சங்கம் தோன்றியது. சென்னையிலும் கல்கத்தாவிலும் 1856 இல் அத்தகைய சங்கங்கள் எழுந்தன. ஐரோப்பியரோடு இந்தியரும் இக்கலையில் ஈடுபட்டனர். மருத்துவர் பாவு தாஜியின் தம்பி நாராயண் தாஜியும், தொழில்முறையில் நிலையம் நடத்திய ஹரிச்சந்த் சிந்தாமனும் பம்பாயின் முன்னோடிகள்.

தமிழகத்துக்கு இக்கலை செய்த தொண்டினை நினைக்கும்போது லின்னேயஸ் ட்ரைப் என்னும் படைத்தலைவரை மறத்தல் ஆகாது. 1856 இல் சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக அமர்த்தப்பட்ட இவர், 1857 ஆம் ஆண்டின் இறுதியில் புறப்பட்டுத் திருவரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை முதலிய ஊர்களைப் படமாக்கினார். தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை அவர் வரிசையாக எடுத்து ஒட்டிய படம் 21 துண்டுகள் கொண்டது. நீளம் ஏறத்தாழ 19 அடி. ஏறத்தாழ 12 அங்குலத்துக்கு 15 அங்குலம் அளவுள்ள தாள்களையும், இரசாயனப் பொருள்களையும், காமிராவையும் வெயிலில் ஊர்தோறும் கொண்டு செல்வது எத்தகைய பாடு என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இச்சுமையைக் குறைக்க வந்ததே துருத்தி. 1839 ஆம் ஆண்டிலேயே செகியே பிரபு என்னும் பிரெஞ்சுக்காரர் துருத்தி பூட்டிய காமிராவை வகுத்துக் காட்டினார். எனினும் அது பரவச் சில ஆண்டுகள் ஆயின. 1856 இல் பிரான்சிஸ் ஃபோக் என்னும் ஆங்கிலப் படைப் பொறியாளர் துருத்திக் காமிராவுக்குக் காப்புரிமை பெற்றார். பின்னாளில் இலண்டன் ஆல்பர்ட் மண்டபத்துக்கு முதல் வடிவம் வகுத்தவரும் இவரே. 1857 இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கின்னியர் என்னும் கட்டடக் கலைஞர் மேலும் ஒரு படி சென்றார். அவர் துருத்தியைச் சதுரக் குழாயாக அமைக்காமல், பின்னால் அகன்றும் முன்னால் குறுகியும் இருக்குமாறு அமைத்தார். இதனால் மூடும்போது ஒரு மடிப்பு அடுத்த மடிப்பினுள் அடங்கியது. நீண்ட துருத்தி சில விரற்கடைக் கனத்தில் ஒடுங்கியது. பெரிய காமிராவை ஒரு மனிதன் தோளில் தூக்கிச் செல்லக்கூடிய காலம் பிறந்தது.

ஆனால் மரப்பெட்டிக்கு இல்லாத ஒரு குறை துருத்திக்கு இருந்தது. மரம் தொய்யாது, தோல் தொய்யும்.

தொய்வின் இயல்பு

துருத்தி மூன்று அடுக்கு உடையது. வெளியே மெல்லிய தோல் அல்லது அரக்குத் துணி. உள்ளே கறுப்புப் பருத்தித் துணி. இரண்டுக்கும் நடுவே, ஒவ்வொரு மடிப்புக்கும் ஒன்றாக, குறுகிய அட்டைப் பட்டைகள். இப்பட்டைகளே துருத்தியின் விலா எலும்புகள். இரு பட்டைகளுக்கு இடையே விடப்பட்ட சிறு இடைவெளியில்தான் தோல் மடிகிறது. இவையனைத்தையும் பிணைப்பது பசை ஒன்றே.

காலப்போக்கில் பசை இற்றுப் பட்டைகள் விடுபடுகின்றன. அடிக்கடி எண்ணெய் தடவிய தோல் அளவுக்கு மேல் இளகுகிறது. அவ்வெண்ணெய் உள்ளே ஊறிப் பசையையும் கெடுக்கிறது. நிலையத்தில் நாள் முழுவதும் நீட்டிய நிலையிலேயே விடப்படும் துருத்தி தன் மடிப்பை மறந்துவிடுகிறது. பிறகு அதை நீட்டினால் நடுப்பகுதி தொட்டில் போல் தாழ்கிறது.

இதனால் விளைவது யாது? ஒளிக்கதிர்கள் லென்ஸ் என்னும் வில்லையைக் கடக்கும்போது மேலுள்ளது கீழாகவும் கீழுள்ளது மேலாகவும் மாறும். காமிராவின் பின்னால் உள்ள தேய்த்த கண்ணாடியில் குடும்பம் முழுவதும் தலைகீழாகத் தோன்றும். நிற்பவர் தலைகள் கண்ணாடியின் அடியில் இருக்கும். தரையில் அமர்ந்தவர்கள் அதன் மேல் விளிம்பில் இருப்பர். துருத்தி தொய்யும்போது அதன் அடிப்பக்கம் ஒளிப்பாதையை விட்டு விலகித் தொங்குகிறது, அதனால் தீங்கில்லை. மேற்பக்கமோ ஒளிப்பாதையினுள் இறங்குகிறது. கண்ணாடியின் மேல் விளிம்புக்குச் செல்ல வேண்டிய கதிர்களை அது தடுத்துவிடுகிறது. ஒளி படாத இடம் நெகடிவில் வெறுமையாக நிற்கும். அச்சிட்ட படத்தில் கறுப்பாகும்.

ஆகவே துருத்தி தொய்ந்தால் முதலில் மறைபவர் யாவர் எனில், தரையில் அமர்ந்தவர். எங்கள் வீட்டுப் படத்தில் நேர்ந்தது இதுவே.

மாட்டுங்காப் பெரியவர் கூறிய மருத்துவம்

இவ்விளக்கத்தை எனக்கு அளித்தவர், மாட்டுங்காவில் நெடுங்காலம் நிழற்படத் தொழில் செய்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். எங்கள் படத்தை எடுத்தவர் அவரல்லர். 1999 ஆம் ஆண்டு நான் அப்படத்தை எடுத்துக்கொண்டு அவரைக் காணச் சென்றேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தைச் சாளரத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்த அவர், "பிள்ளைகள் மேல் பிழை இல்லை, தம்பி. பெல்லோஸ் தொய்ந்திருக்கிறது" என்றார். பின்னர்ப் பரண்மேல் இருந்த தம் முழுப்பிளேட்டுக் காமிராவை இறக்கச் செய்தார். ஆறரை அங்குலத்துக்கு எட்டரை அங்குலம் கண்ணாடித் தகடு ஏற்கும் காமிரா அது. அதன் துருத்தியின் நடுமடிப்பில் இரு பக்கமும் சிறு தோல் வளையங்கள் தைக்கப்பட்டிருந்தன. துருத்தியை நீட்டியபின் அவ்வளையங்களில் நாடாவைக் கோத்து, மேலே இழுத்து முன்பலகையில் கட்டினார். தொய்வு நிமிர்ந்தது. நாடா இல்லாதபோது, மடித்த துணியை அடியில் அண்டை கொடுத்தும் தாங்கலாம் என்றார்.

நோய் தொடக்கத்தில் இருந்தால் மருந்தும் எளியது. துருத்தியைக் கழற்றி, மடிப்புகளைக் கையால் ஒவ்வொன்றாகப் பிடித்து ஒழுங்காக்கி, பலகையின் கீழ்ப் பாரம் வைத்துச் சில நாள் விட வேண்டும். பட்டை விடுபட்டிருந்தால் உள்துணியைப் பிரித்து மீண்டும் ஒட்ட வேண்டும். பிறகு இருட்டறையில் துருத்தியினுள் ஒரு சிறு விளக்கை வைத்துச் சுற்றிலும் பார்க்க வேண்டும். மூலைகளில் விண்மீன் போல் ஒளிப்புள்ளி தெரிந்தால் அங்கே துளை உண்டு. அவ்விடத்தில் மெல்லிய கறுப்புத் துணியை ஒட்ட வேண்டும். ஒட்டு தடித்தால் துருத்தி மூடாது.

பசை பற்றியும் அவர் கூறினார். தச்சர் பயன்படுத்தும் வச்சிரம் வலியதாயினும் மும்பை மழைக்காலத்து ஈரத்தில் இளகும். மாவுப் பசை இளகாவிடினும் கரப்பான் தின்னும்; அதனால் புத்தகம் கட்டுவோர் செய்வது போலச் சிறிது மயில்துத்தம் கலக்க வேண்டும். வெப்ப நாடுகளுக்கென்று தேக்கு மரத்தில் காமிரா செய்த ஆங்கில நிறுவனங்கள், பூச்சி அண்டாத மணமுடைய உருசியத் தோலால் துருத்தி அமைத்ததும் இக்காரணம் பற்றியே.

எல்லாவற்றுக்கும் மேலாக அவர் வற்புறுத்தியது ஒரு சிறு சோதனை. பல காமிராக்களில் தேய்த்த கண்ணாடியின் நான்கு மூலைகளும் சிறிது வெட்டப்பட்டிருக்கும். படம் எடுக்குமுன் ஒவ்வொரு மூலையின் வழியாகவும் வில்லையை நோக்க வேண்டும். வில்லையின் வட்டம் முழுமையாகத் தெரிந்தால் வழி திறந்துள்ளது. பிறைபோல் குறைந்து தெரிந்தால் துருத்தி இடையில் நிற்கிறது. "அரை நிமிட வேலை, தம்பி. அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடித்தால் இப்படித்தான் ஆகும்" என்றார் பெரியவர்.

புதுத் துருத்தி கட்ட நேர்ந்தபோது தோலுக்கு அவர் தாராவிக்கே வந்தாராம். தாராவியின் தோல் தொழிலுக்கும் தமிழருக்கும் உள்ள தொடர்பு பழையது. அருகே பாந்திராவில் இருந்த இறைச்சிக்கூடத்தினால் தோல் கிடைப்பது எளிதாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே திருநெல்வேலிப் பகுதியினின்று வந்த தமிழ் முஸ்லிம்கள் இங்குத் தோல் பதனிடும் கிடங்குகளை நடத்தினர். அதே சீமையின் ஆதி திராவிட மக்கள் அக்கிடங்குகளில் உழைத்தனர். 1970களின் தொடக்கத்தில் இறைச்சிக்கூடம் தேவநாருக்கு மாறியது. பின்னர்க் கிடங்குகளும் பெரும்பாலும் நகருக்கு வெளியே சென்றன. தோற்பை, இடைவார் முதலியன செய்யும் பட்டறைகள் நிலைத்தன. அப்பட்டறை ஒன்றில் பை தைக்கும் தொழிலாளியிடம் ஆட்டுத்தோலைத் தாளளவு மெல்லிதாகச் சீவி வாங்கித் தாமே துருத்தி கட்டியதாகப் பெரியவர் கூறினார்.

என் தாத்தாவும் ஒரு கிடங்கில் தோலை விரித்துக் காயவைக்கும் வேலை பார்த்தவர். தோலின் தளர்ச்சியை விரலால் தொட்டே அறிந்தவர். ஆயினும் அன்று அவர் நின்றது காமிராவுக்கு முன்னால். துருத்தியோ கறுப்புத் துணிக்கு அடியில் இருந்தது.

ஆலப்புழைச் செய்தி

துருத்தி மருத்துவன் ஒருவன் காமிராவையே படைத்த வரலாறு நம் அண்டை மாநிலத்தில் உண்டு. கேரளத்து ஆலப்புழையில் குஞ்ஞு குஞ்ஞு பாகவதர் என்பவர் இசைக்கருவிகள் செய்தும் செப்பனிட்டும் வந்தார். அவர் மகன் கருணாகரன். 1940களில் நிழற்பட நிலையத்தார் ஒருவர் தம் காமிராவின் பழுதுற்ற துருத்தியை அவர்களிடம் கொண்டுவந்தார். ஆர்மோனியத் துருத்தியைக் கட்டிப் பழகிய கைக்குக் காமிராத் துருத்தி அயலாகத் தோன்றவில்லை. கருணாகரன் அதைச் சீர்செய்தார். இத்தகைய கை ஒரு காமிராவையே செய்யலாமே என்ற ஊக்கம் பிறந்தது. மரமும் பித்தளையும் தோலும் கொண்டு அவர் செய்த காமிரா, கலைமகளின் பெயரால் 'வாகீசுவரி' என்று வழங்கலாயிற்று.

இரண்டாம் உலகப் போரினால் மேலைநாட்டுச் சரக்கு வருவது அருகியிருந்த காலம் அது. ஆலப்புழைப் பட்டறையின் காமிராக்கள் இந்தியாவின் பல பகுதிகளிலும் நிழற்பட நிலையங்களில் இடம்பெற்றன. கையடக்கச் சுருள் காமிராக்கள் பெருகும்வரை, பல்லாண்டுகள் அவை திருமணங்களையும் பள்ளி வகுப்புகளையும் குடும்பங்களையும் கண்டன.

இவ்வரலாற்றில் சிந்திக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. பெரிய காமிராவின் வில்லை விளிம்பில் ராஸ், டால்மேயர், சைஸ் என்று செய்தவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். படத்தின் அட்டையில் நிலையத்தின் பெயர் பொன்னெழுத்தில் மின்னும். துருத்தியைக் கட்டியவர் பெயரோ எங்கும் இராது. அலுவலகக் கோப்பிலும் கையொப்பமிட்டவர் பெயர் நிற்கும். கோப்பைத் தைத்தவர் பெயர் நிற்பதில்லை. கோப்புகளோடு இருபதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்த எனக்கு இது புதிதன்று. ஆயினும் அவர் கை பிழைத்தால் மறைவது குழந்தையின் முகம். கருணாகரனின் பெயர் நிலைத்தது, துருத்தியோடு நில்லாமல் காமிராவையே அவர் செய்ததனால். துருத்தி மட்டும் கட்டியவர்கள் எத்தனையோ பேர். அவர்களுள் நம்மவரும் இருந்தனர்.

முடிவுரை

பெரியவரைக் கண்டு திரும்பிய அன்று மாலை ஆச்சியிடம் சென்றேன். அப்போது அவள் செம்பூரில் எங்களோடு இருந்தாள், பார்வை மங்கியிருந்தது. செய்தித்தாளை மடித்துத் துருத்திபோல் ஆக்கி, நடுவைத் தொய்யவிட்டு, அதனுள் பார்க்கச் செய்து, நடந்ததை விளக்கினேன். வில்லையும் கதிரும் அவளுக்கு விளங்கினவோ, அறியேன். சற்று நேரம் பேசாதிருந்து, "அப்ப, அவ அசையலியா?" என்று கேட்டாள்.

"அசையல, ஆச்சி. அவ நல்லா அடங்கித்தான் உக்காந்திருந்தா."

ஆச்சி படத்தை மடியில் வைத்துக்கொண்டாள். அதன்பின் ஒருநாளும் அவள் சின்ன அத்தையை அடங்காப் பிள்ளை என்று சொன்னதில்லை. ஒருமுறை மட்டும், "வீணா அடிச்சுட்டேனே" என்றாள்.

வரலாறு என்பது மன்னர்க்கும் கல்வெட்டுக்கும் மட்டும் உரியதன்று. புலம்பெயர்ந்த குடும்பத்தின் வரலாறு பெரும்பாலும் ஒரே ஒரு படத்தில் தங்கியிருக்கிறது. அப்படத்திலும் ஒரு பகுதி கறுத்திருக்கக்கூடும். ஆச்சி மறைந்தபின் நான் அப்படத்தின் சட்டத்தைக் கழற்றி, பின்புறத்தில் ஊர், ஆண்டு, நின்றவர், அமர்ந்தவர் என அனைவர் பெயரையும் எழுதினேன். கறுப்புக்குள் இருந்த ஐந்து குழந்தைகளின் பெயர்களையும் இடமிருந்து வலமாக எழுதினேன். அவ்வரிசை ஆச்சி ஒருத்திக்கே தெரிந்திருந்தது; அவள் உயிரோடு இருந்தபோதே கேட்டு வைத்துக்கொண்டது நல்லதாயிற்று.

இம்மலரைப் படிக்கும் அன்பர்கள் தத்தம் வீட்டுச் சுவரில் உள்ள பழம்படத்தை ஒருமுறை இறக்கிப் பார்ப்பார்களாக. பெயர் சொல்லக்கூடிய முதியவர் வீட்டில் இருக்கும்போதே எழுதி வைத்துவிடுவார்களாக.